பழைய டர்போ பிக்கப் வாங்கப் போறீங்களா? நீலகிரியில் ஏற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க!

கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை கட்டிய கேரட், மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும். கோத்தகிரி பக்கம் பறித்த பச்சைத் தேயிலை, சாக்கிலேயே கிடந்து சூடேறுவதற்குள் ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும். நீலகிரியில் சிறு விவசாயிக்கும் லோடு வண்டி ஓட்டுபவருக்கும் பிக்கப் என்பது வசதி அல்ல, பிழைப்பு.

புது வண்டி விலை கட்டுப்படியாகாததால் பலரும் செகண்ட் ஹேண்ட் பிக்கப் தேடுகிறார்கள். அப்போது பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி ஏறுமா?" என்பதுதான். ஆனால் மலையில் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி வேறு. லோடோடு பத்திரமாக இறங்குமா?

ஏறுவதற்கு டர்போ வேண்டும். இறங்குவதற்கு கியர்பாக்ஸ் நன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது இந்த இரண்டையும் எப்படிப் பார்ப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

ஊட்டியில் என்ஜினுக்கு ஏன் மூச்சு வாங்குது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. என்ஜின் ஒவ்வொரு முறை இழுக்கும் காற்றிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். எனவே டர்போ இல்லாத என்ஜின், சென்னையில் காட்டும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கையாவது இங்கே இழந்துவிடும்.

டர்போ என்பது ஒரு சின்ன விசிறி. சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகையே இதைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சியில் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். மெல்லிய மலைக்காற்றும் இப்படி அடர்த்தியாகி உள்ளே போவதால், இழப்பின் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது.

ஆனால் அதே அழுத்தத்தைக் கொடுக்க மலையில் டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் தேய்ந்துபோன டர்போ, கோயம்புத்தூரில் ஓட்டிப் பார்த்தால் நன்றாக இருப்பது போலத் தெரியும். குன்னூர் தாண்டியதும்தான் குட்டு வெளிப்படும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

எந்தெந்த வண்டியில் டர்போ இருக்கு?

மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ், அசோக் லேலண்ட் தோஸ்த்தின் டீசல் மாடல் ஆகியவை டர்போ டீசல் வண்டிகள். பொலிரோ பிக்கப்பில் 2,523 சிசி என்ஜின், டி-மேக்ஸில் 2.5 லிட்டர், தோஸ்த்தில் மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் என்ஜின். 2005ல் வந்த டாடா ஏஸின் பழைய டீசல் மாடலில் இருப்பது இரண்டு சிலிண்டர் என்ஜின், அதில் டர்போ கிடையாது.

எஸ்டேட் மண் ரோட்டில், மழைக்காலத்திலும் போக வேண்டியவர்கள் ஃபோர் வீல் டிரைவ் உள்ள இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ், பொலிரோ கேம்பரின் ஃபோர் வீல் மாடல் போன்றவற்றைப் பார்க்கலாம்.

ஏற்றுவது டர்போ... இறக்குவது யார்?

ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் லோடும் சேர்த்து 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கும் உயரம் சுமார் 1,900 மீட்டர். இந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 160 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மீதியை என்ஜினும் பிரேக்கும்தான் பங்கு போட வேண்டும். கியர் குறைவாக இருந்தால் என்ஜின் அதிகம் சுற்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும், அதாவது பெரிய பங்கை என்ஜின் ஏற்கும். டாப் கியரில் இறக்கினால் மொத்தமும் பிரேக் மேல் விழும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் லைனிங் பிடிமானத்தை இழக்கும். பழைய பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அது கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். பிறகு பெடலை மிதித்தால் கால் தரை வரை போகும், வண்டி நிற்காது. "பிரேக் பிடிக்கல" என்று சொல்லப்படும் மலை விபத்துகளுக்குப் பின்னால் இருக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குங்கள் என்று மலைப்பாதைகளில் போர்டு வைத்திருப்பதும், எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதும் இதனால்தான். டர்போ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த இடத்தில் உதவிக்கு வராது.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சமா?

இல்லை. காமன் ரெயில் டீசல் என்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடும், சக்கரமே என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால், என்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும்.

என்ஜினை ஆஃப் செய்து இறக்குவது இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவம் என்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். ஆஃப் செய்துவிட்டு இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் அதுவும் இறுகிவிடும்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

லோடு பிக்கப்களில் பெரும்பாலானவை 5 கியர் மேனுவல்தான். ஆட்டோமேட்டிக், வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற விலை கூடிய வண்டிகளில் கிடைக்கிறது.

தினமும் லோடு ஏற்றி இறங்குபவருக்கு மேனுவல் நல்லது. எந்த கியரில் இறங்க வேண்டும் என்பது முழுக்க டிரைவர் கையில் இருக்கும். கிளட்ச் தேய்ந்தால் உள்ளூர் ஒர்க் ஷாப்பிலேயே மாற்றிவிடலாம்.

ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருந்தால், கியரை நாமே குறைத்து நிறுத்திவைக்கும் மேனுவல் மோடு சரியாக வேலை செய்கிறதா என்று இறக்கத்தில் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் கருத்து, கருகிய வாடை அடித்தால் அந்த வண்டி வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ரிப்பேர் செலவு, ஒரு வருட லாபத்தையே விழுங்கிவிடலாம்.

கியர்பாக்ஸை எப்படிச் சோதிப்பது?

முடிந்தால் லோடோடு ஓட்டிப் பாருங்கள். குன்னூர்க்காரர்கள் பர்லியார் வரையும், கோத்தகிரிக்காரர்கள் அரவேணு தாண்டி குஞ்சப்பனை பக்கமும் போய் வந்தால் போதும். இறங்குவதற்கு முன் சமதளத்தில் பிரேக்கை நன்றாகச் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள்.

1. கியர் தெறிக்குதா: இரண்டாவது கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். லிவரைக் கையால் பிடிக்க வேண்டாம், ஆனால் கை பக்கத்திலேயே இருக்கட்டும். லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவில் கியர் தெறித்தால் அடுத்த நொடி முழு பாரமும் பிரேக் மேல்தான்.

2. மூன்றிலிருந்து இரண்டுக்கு: கியர் குறைக்கும்போது "கர்ர்" என்று சத்தம் வந்தால் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. மலையில் ஓடிய வண்டியில் முதலில் தேய்வது பெரும்பாலும் இரண்டாவது கியர்தான்.

3. கிளட்ச்: ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கருகல் வாடை வந்தால் கிளட்ச் செட் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

4. ஹேண்ட் பிரேக்: நல்ல மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் வண்டி நிற்கிறதா பாருங்கள். பிறகு அங்கிருந்தே பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும்.

5. பின் ஆக்சில்: ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் மாறி மாறி வந்தால் கிரவுன் தேய்ந்திருக்கலாம். கிளம்பும்போது "டக்" என்று அடித்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இறங்கி வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் போய் மோந்து பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் வாடையும் சூடும் அதிகம் என்றால் அந்தப் பக்கத்து பிரேக் சிக்கிக்கொண்டிருக்கிறது. வீல் சிலிண்டரில் ஆயில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டர்போ நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?

காலையில் குளிராக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது, டர்போ சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கலாம். ஏற்றத்தில் கரும்புகை தள்ளி இழுவை இல்லை என்றால் ஹோஸ் கிழிந்து காற்று கசியலாம், அல்லது டர்போ தேய்ந்திருக்கலாம். லேசான விசில் சத்தம் சகஜம். சைரன் மாதிரி ஊளையிட்டால் ஆபத்து. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை வருவதை மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். அந்த வண்டிக்கு என்ஜின் வேலை நெருங்கிவிட்டது.

ரேடியேட்டர் மூடியையும், என்ஜின் ஆறிய பிறகு, பாருங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 92-93 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி சரியில்லை என்றால் ஏற்றத்தில் என்ஜின் சீக்கிரம் கொதித்துவிடும்.

அதிக லோடு அடித்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிலோமீட்டர் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். மலையில் ஓடிய 50,000 கிலோமீட்டரும் நெடுஞ்சாலையில் ஓடிய 50,000 கிலோமீட்டரும் கியர்பாக்ஸுக்கும் பிரேக்குக்கும் ஒன்றல்ல.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் கூடுதல் பட்டை போட்டிருந்தால், அளவுக்கு மீறி லோடு அடித்த வண்டி என்று பொருள். சேஸிஸில் வெல்டிங் தழும்பும் துருவும் இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். நீலகிரியின் மூடுபனியும் ஈரமும் துருவைச் சீக்கிரம் வரவைக்கும்.

வாங்கிய பிறகு நீங்களும் ஆர்சி-யில் உள்ள எடையைத் தாண்டாதீர்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

பிஎஸ்4 வாங்கலாமா, பிஎஸ்6 வாங்கலாமா?

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்தவை பிஎஸ்6 வண்டிகள். பல பிஎஸ்6 டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். தோட்டத்துக்கும் ஃபேக்டரிக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓட்டுபவருக்கு நல்ல நிலையில் உள்ள பிஎஸ்4 வண்டி தலைவலி குறைவு.

பேப்பரில் எதைப் பார்க்கணும்?

* லோடு வண்டிக்கு எஃப்சி கட்டாயம். 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம்.
* ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.
* பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.
* நிலுவையில் உள்ள இ-சலான்களைப் பரிவாஹன் தளத்தில் பார்க்கலாம்.
* 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை சாதாரண எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பிக்கப்கள் இந்த எடைக்குள்தான் வரும்.
* டிஎன் 43 நீலகிரி பதிவெண். 2024 மே 7ல் தொடங்கிய இ-பாஸ் முறையில் இந்தப் பதிவெண் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. வெளி மாவட்டப் பதிவெண் வண்டி வாங்கினால், முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக...

விற்பவர் ஏற்றத்தில் ஓட்டிக் காட்டுவார், டர்போ இழுக்கும், வாங்குபவருக்கும் பிடித்துப்போகும். அதோடு நின்றுவிடாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டாவது கியரில் அதே மலையை இறங்கிப் பாருங்கள். டர்போ போனால் வண்டி பாதி வழியில் நிற்கும், ஒரு நாள் லோடு வீணாகும். கியரும் பிரேக்கும் போனால் வண்டி நிற்காது.

இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸ் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேறு வண்டி பாருங்கள்.