பழைய எஞ்சின்: உடைத்து விற்பதா, திருத்தி ஓட்டுவதா?



போன மாதம் எனக்கு மருமகன் முறையான ஒரு வாலிபர் ஐந்துசந்தியிலுள்ள எனது கடைக்கு வந்தார். அவரிடம் வாப்பா காலத்து லொறி ஒன்று இருக்கிறது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின். ஒயில் குடிக்கிறது, புகை கக்குகிறது. "மாமா, இதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு லீசிங்கில் புது லொறி எடுக்கப் பார்க்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பழைய இரும்பு வாங்குவதுதான் என் தொழில். தராசில் ஏற்றிக் காசைக் கொடுத்தால் எனக்கு இலாபம். ஆனால் யோசனை கேட்டு வந்தவனுக்கு உண்மையைச் சொல்வது அமானிதம். அதனால் அவரை உட்காரவைத்து ரயில் எஞ்சின் கதை ஒன்றைச் சொன்னேன். அதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

கனடா எஞ்சின்கள்

1954-ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நமது நாட்டுக்கு டீசல் ரயில் எஞ்சின்களைத் தந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் தயாரிப்பு. ரயில்வேக்காரர்கள் இவற்றை எம்2 என்பார்கள். பின்னர் வந்தவற்றையும் சேர்த்து மொத்தம் 14. பலவற்றுக்கு ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று கனடாவின் பெயர்களை வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர், 1,425 குதிரைவலு. டர்போ கிடையாது.

2004 டிசம்பர் 26-ல் ஹிக்கடுவைக்குக் கிட்ட, பெரலியவில் சுனாமி அடித்த ரயிலை இழுத்துச் சென்றது மனிடோபாதான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த இடத்தில் உயிரிழந்தார்கள். எஞ்சின் கடல்நீரில் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் இரும்பு விலைக்குக் கொடுத்திருப்பார்கள். நமது ரயில்வே ஊழியர்கள் அதைக் கழற்றித் திருத்தினார்கள். 2008-ல் நினைவு நாளன்று அது மீண்டும் பெரலியவுக்கு ஓடிப்போனது. ஐம்பது வயது கடந்த ஓர் எஞ்சின் எப்படித் திரும்பி எழுந்தது? அதன் அமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

டர்போ என்ன செய்கிறது?

டீசலை எரிக்கக் காற்று வேண்டும். அதிக காற்றை உள்ளே திணித்தால் அதிக டீசலை எரிக்கலாம், அதிக வலு கிடைக்கும். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை உள்ளே தள்ளுவதுதான் டர்போ.

இலாபம் பெரியது. அதே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி 1960களில் 16 சிலிண்டர் எஞ்சின் ஒன்றை இரண்டு விதமாக விற்றது. டர்போ இல்லாதது 2,000 குதிரைவலு, டர்போ உள்ளது 3,000. ஒரே அளவு சிலிண்டர்தான்.

செலவும் அதற்கேற்றபடி உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்றுச் சுற்றும்போது டர்போ ஏறக்குறைய 20,000 சுற்றுச் சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஒயில் சற்றுத் தடைப்பட்டாலும் பெயரிங் போய்விடும். அதனால்தான் அந்த ரயில் எஞ்சின்களை நிறுத்திய பிறகும் டர்போவுக்கு ஒயில் அனுப்பத் தனியாக ஒரு பம்ப் வைத்திருக்கிறார்கள். லொறியில் அந்த வசதி இல்லை. ஏற்றத்தில் இழுத்து வந்து நிறுத்திய உடனே சாவியைத் திருப்பினால் உள்ளே நின்ற ஒயில் கருகிவிடும். என்னுடைய லொறி ஒன்றில் சாரதியின் இந்தப் பழக்கத்தால் டர்போ போனது. நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

எம்2-இல் டர்போவுக்குப் பதிலாக ஊதி ஒன்று இருக்கிறது. இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றிக் காற்றைத் தள்ளும். அது எஞ்சினின் பற்சக்கரத்தால் சுற்றுகிறது. வேகமும் குறைவு, சூடும் குறைவு. ஆனால் எஞ்சினின் வலுவில் ஒரு பங்கை அது எப்போதும் தின்றுகொண்டே இருக்கும். லொறி எஞ்சினுக்கு அந்த ஊதியும் தேவையில்லை. அது தானே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நமது பழைய லொறியைத் திருத்துவது இன்னும் இலகு.

திருத்துவது எப்படி இலகுவானது?

எம்2-இல் லைனர், பிஸ்டன், ஹெட், கொனெக்டிங் ரொட் எல்லாம் ஒரு தொகுதி. ஒரு சிலிண்டர் பழுதானால் அந்தத் தொகுதியை மட்டும் கழற்றி வேறொன்றைப் போடலாம். எஞ்சினை ரயிலிலிருந்து இறக்க வேண்டியதில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. பிறகு 1960களில் வந்த பெரிய சிலிண்டர்த் தொகுதியும் இந்தப் பழைய உடலில் பொருந்தும். அதனால் எஞ்சினுக்கு வயதாகிவிட்டாலும் உதிரிப்பாகத்துக்குப் பஞ்சம் வரவில்லை. அமெரிக்காவில் சில கம்பனிகள் டர்போ எஞ்சின்களைத் திருத்தும்போது டர்போவையே கழற்றிவிட்டு, குறைந்த வலுவுக்கு மாற்றின. நின்று நின்று ஓடும் சின்ன வேலைகளுக்கு அது போதுமாக இருந்தது.

திருத்த முடியாததும் உண்டு

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பழையதையும் திருத்தப் போய்விடாதீர்கள். நமது வடபகுதி ரயில் பாதையையே பாருங்கள். 1956 ஏப்ரல் 23-ல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் ரயில் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 30-ல் நாமும் போனோம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. போர் முடிந்தபோது திருத்துவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகவே போட்டது. 2014 ஒக்டோபர் 13-ல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது.

மனிடோபாவுக்கு எலும்புக்கூடு நன்றாக இருந்தது, திருத்தினார்கள். பாதைக்கு எலும்புக்கூடே இல்லை, புதிதாகப் போட்டார்கள். இரண்டும் சரியான முடிவுதான்.

கணக்கு எப்படிப் பார்ப்பது?

உதாரணத்துக்குப் பழைய லொறி லீற்றருக்கு 5 கிலோமீற்றர், டர்போ உள்ள புது லொறி 6 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளுக்குள் மாதம் 900 கிலோமீற்றர் ஓடுபவருக்குப் பழையதில் 180 லீற்றர், புதியதில் 150. வித்தியாசம் 30 லீற்றர்தான். தம்புள்ளைக்கும் கொழும்புக்குமாக மாதம் 6,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 1,200-ம் 1,000-ம். வித்தியாசம் 200 லீற்றர். இதை டீசல் விலையால் பெருக்கி, லீசிங் தவணையோடு வைத்துப் பாருங்கள். நமது குடாநாடு சமதரை. குறுகிய ஓட்டத்துக்குப் பெரிய வலு தேவையில்லை. மலையேறுகிறவர், தூரம் ஓடுகிறவர் கணக்கு வேறு.

திருத்த முன்னர் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, புளொக்கும் கிராங்கும் வெடிப்பில்லாமல் அளவில் நிற்கின்றனவா? கண்ணால் பார்த்து முடிவெடுக்காமல் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு, உதிரிப்பாகம் இன்னும் கடையில் கிடைக்கிறதா? மூன்று, அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் ஊரில் இருக்கிறாரா? நான்கு, செஸி துருப்பிடித்திருக்கிறதா? கடற்காற்றுள்ள ஊர் இது, எஞ்சின் நன்றாயிருந்தும் செஸி உக்கிப்போன லொறிகளை எத்தனையோ வாங்கியிருக்கிறேன். நான்கில் ஒன்று பிழைத்தாலும் திருத்தும் செலவைத் தொடங்காதீர்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025-ல் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்படும்வரை, ஓடுகிற பழைய வாகனத்தின் மதிப்பு என்னவென்று நாம் எல்லோரும் பார்த்தோம்.

மருமகனின் லொறியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் அனுப்பினேன். அளந்து பார்த்துவிட்டு, "நானா, புளொக் நல்லாயிருக்கு, கிராங்கும் பரவாயில்லை. லைனரும் பிஸ்டனும் போட்டால் இன்னும் கன காலம் ஓடும்" என்று சொல்லியனுப்பினார். செஸியும் தேறியது. மருமகன் ஓடுவது சந்தை ஓட்டம்தான். கையிலிருந்த காசிலேயே வேலை முடிந்தது. தவணையும் இல்லை, வட்டியும் இல்லை. எனக்குக் கிடைக்கவிருந்த பழைய இரும்பு கைவிட்டுப் போனது, பரவாயில்லை.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லி வைத்தேன். பின்னொரு நாள் இதை விற்பதானால், எஞ்சின் திருத்தியது என்பதையும் எதை மாற்றினோம் என்பதையும் பில்லோடு வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இராது.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், பழைய பற்றரி வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.