வயலும் கடலும் ஒரு சங்கத்தில்: சிக்கன கடனுதவு கூட்டுறவு முறை

திருகோணமலை நகரச் சந்தைக்குத் தம்பலகாமத்திலிருந்தும் கந்தளாயிலிருந்தும் நெல் வருகின்றது. கொட்டியாரக் குடாவிலிருந்து மீன் வருகின்றது. எனினும், விளைவித்தவர் கையிலும் வலைவீசியவர் கையிலும் எஞ்சுவது சொற்பமே. விதைப்புக் காலத்தில் முற்பணம் தந்தவருக்கே அறுவடை நெல்லை அவர் குறிக்கும் விலைக்கு அளக்க நேரின், நல்ல விளைச்சலும் கமக்காரரின் கடனைத் தீர்ப்பதில்லை. வலைக்கும் படகுக்கும் கடன்பட்ட மீனவர் நிலையும் இதுவே.

சங்கம் தோன்றிய வரலாறு

சிற்றூர் மக்கள் தம் சிறு சேமிப்பை ஒன்றுசேர்த்துத் தமக்குள்ளே கடன் வழங்கும் முறையை, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் வளர்த்தார். இலங்கையில் 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதற்கு இடமளித்தது. 1957ஆம் ஆண்டின் பின்னர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் முதன்மை பெறவே, சிக்கன கடனுதவு சங்கங்கள் தளர்வுற்றன. 1978ஆம் ஆண்டில் கேகாலை மாவட்டத்தில் கிரிவந்தெனிய என்பார் அவற்றைப் புத்துயிர்ப்பித்தார். அவ்வியக்கமே சணச எனப் பெயர்பெற்றது.

பருவமும் பணமும்

கமக்காரர் மட்டும் சேர்ந்த சங்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஐப்பசியில் எல்லோருக்கும் ஒருங்கே விதைநெல்லும் உரமும் தேவை; அப்பொழுது சேமிப்பவர் எவருமிலர். திருகோணமலைக் கரையோர ஊர்களில் இதற்கு இயற்கையே வழி காட்டுகின்றது. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீடு சேரும். அவ்வேளை கமக்காரர் செலுத்தும் சேமிப்பு, வாடைக்காற்று ஓய்ந்து கடலுக்குச் செல்ல ஆயத்தமாகும் மீனவரின் வலைக்கும் படகுப் பழுதுக்கும் உதவும். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாயிருக்க, மீனவர் சேமிப்பர். அச்சேமிப்பு ஐப்பசியில் வயலுக்குச் செல்லும். கிண்ணியா, மூதூர் போன்று இரு தொழிலும் அருகருகே நடைபெறும் இடங்களில், இரு சாராரும் ஒரே சங்கத்தில் சேர்வது பெரும் நன்மை தரும்.

நடத்தும் முறை

1. அங்கத்தவர் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவராயிருத்தல் வேண்டும். ஆகையால் சங்கத்தின் எல்லை ஒரு கிராமத்தைத் தாண்டலாகாது.

2. சேமிப்பே முதற்படி. 40 அங்கத்தவர் வாரந்தோறும் 100 ரூபா செலுத்தினால், ஓராண்டில் 208,000 ரூபா சேரும்.

3. பணத்தைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் எண்ணிப் புத்தகத்தில் பதிதல் வேண்டும். எழுத்தறியாதாரும் அறியும்படி கணக்கை மாதந்தோறும் உரத்து வாசித்தல் நன்று.

4. கடனை உற்பத்திக்கே முதலில் வழங்குக. அங்கத்தவர் இருவர் பிணைநிற்க, திருப்பிச் செலுத்தும் நாளை அறுவடையோடும் மீன்பிடிப் பருவத்தோடும் பொருத்துக. வாரத்தவணை கமக்காரருக்கு ஒவ்வாது.

5. ஊர்ப் பெண்கள் வழக்கமாய்ப் பிடிக்கும் சீட்டு, சுற்று முடிந்ததும் கலைந்துவிடும். சங்கமோ ஆண்டுதோறும் வளரும். சீட்டில் பழகிய பெண்களைத் தனாதிகாரியாகவும் காரியதரிசியாகவும் தெரிவுசெய்தல் தக்கது.

எச்சரிக்கை

வெளியிலிருந்து எளிதில் வரும் கடன் மட்டும் வறுமையைத் தீர்க்காது. 2018ஆம் ஆண்டில், வறட்சியுற்ற மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த சிறு நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. சொந்தச் சேமிப்பு இல்லாதவர் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குவர்.

வயலும் கடலும் ஒருங்கே இழப்புத் தரும் காலமும் உண்டு. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது; 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. ஆதலால் சேர்ந்த பணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடாது, ஒரு பகுதியைச் சேமநிதியாய் வங்கியில் வைத்தலும், அயற்சங்கங்களோடு இணைந்திருத்தலும் இன்றியமையாதவை.

சங்கம் அமைக்க விரும்புவோர், ஐப்பசி விதைப்புக்கு ஆறு மாதம் முன்னரே, சித்திரையில் சேமிக்கத் தொடங்குவாராயின், அவ்வாண்டு விதைநெல்லின் ஒரு பங்கையேனும் கடன்படாது பெறுவர்.