மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையும் நம் கடையும்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்றால், மலைமேல் இருக்கும் நம் போன்ற வியாபாரிகளுக்கு நோட்டுப் புத்தகம், குடை, மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு ஆகியவற்றின் சீசன் என்றுதான் நினைவு வரும். கூடவே தென்மேற்குப் பருவமழையும் இறங்கிவிடும். சரக்கு லாரி ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து சேருமா என்ற கவலையில், நம் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறது என்பதே மறந்துபோகிறது. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. சென்ற ஜூனில் சரக்கு எடுக்க வந்த மளிகைக்கடை நண்பர் ஒருவரிடம், "பையன் எத்தனாவது படிக்கிறானுங்க?" என்று கேட்டேன். "ரெண்டோ மூணோங்க, வீட்டுல கேட்டாத்தான் தெரியும்" என்றார். பருப்பு மூட்டை எத்தனை கையிருப்பு என்று கேட்டிருந்தால் பார்க்காமலே சொல்லியிருப்பார்.

பையன் மூன்றாம் வகுப்பு. இந்த வகுப்பைப் பற்றி நம் உறுப்பினர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாக எண்ணியிருந்தேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்றால் வீடே பரபரப்பாகிவிடும். மூன்றாம் வகுப்பை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு வழுக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பது என் அனுபவம்.

காரணம் எளிது. முதல் இரண்டு வருடம் பிள்ளை எழுத்தைக் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது வருடம் அந்த எழுத்தை வைத்துப் பாடத்தைக் கற்க வேண்டியிருக்கிறது. நமது மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு பாடம். மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் போய் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டு பாடம் வருகிறது. படம் குறைந்து எழுத்து கூடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதலில் என்ன இருந்தது என்பதை மறந்துவிடும். அப்புறம் அறிவியல் எப்படி ஏறும்?

இது வால்பாறைக்கு மட்டும் உள்ள குறை அல்ல. நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' என்ற கணக்கெடுப்பு 2005 முதல் நடக்கிறது. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் நூறு பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையில்லாமல் படித்தவர்கள் 2018-ல் ஏறத்தாழ 21 பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 16 பேர். 2024-ல் 23 பேர். நம் மாநில அரசும் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிகள் அடைத்துக் கிடந்ததால் விட்டுப்போனதைப் பிடிக்கும் ஏற்பாடு அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பிள்ளை நிற்கும் நிலை வேறாக இருக்கலாம் என்பதை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டு செய்த காரியம் என்பதால் எனக்கு அது பிடித்தது.

கணக்கு விஷயத்தில் நம் கடையே பாடசாலை. மூன்றாம் வகுப்புக் கணக்கில் வருவது என்ன? பத்துக்கு மேல் போனால் அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கூட்டுவது, கடன் வாங்கிக் கழிப்பது, வாய்ப்பாடு, வகுத்தலின் ஆரம்பம், ரூபாய் பைசா, கிலோ கிராம், கால், அரை, கடிகாரம் பார்ப்பது. இதில் எது நம் கடையில் இல்லை? கிலோ 160 ரூபாய் பருப்பு கால் கிலோ என்ன விலை என்ற கேள்வியை வாத்தியார் கரும்பலகையில் எழுத வேண்டும். நம்மிடம் தராசே இருக்கிறது.

எங்கள் கடையில் மொத்த வியாபாரத்தோடு சில்லறைக்கும் ஒரு மேசை உண்டு. தோட்டத்துக் குடும்பங்கள் பற்று நோட்டில் வாங்கிச் சம்பளம் வந்ததும் தீர்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டமான நேரம். ஓர் அம்மாளும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் வந்தார்கள். அந்தச் சிறுமி நோட்டை விரித்துவைத்து விரலால் காட்டி, "தாத்தா, நூத்தி எட்டும் எழுபத்தாறும் நூத்தி எண்பத்தி நாலுதானுங்க வரும்? இங்க தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கு" என்றது. அதன் அம்மா, "சும்மா இரு சாமி, அவங்களுக்குத் தெரியாதா" என்று அதட்டினார். வாங்கிப் பார்த்தேன். பிள்ளை சொன்னதுதான் சரி. எங்கள் மேசைப் பையன் அவசரத்தில் பத்து ரூபாய் கூட்டிப் போட்டிருந்தான். நான் திருத்திக் கொடுப்பதற்குள் அது இன்னொரு பக்கத்தைத் திருப்பி, "இங்க உங்களுக்கு இருபது ரூபா கம்மியாப் போட்டிருக்குங்க" என்றது.

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினைந்து வருடமாக நாங்கள் போட்ட கூட்டலை அப்படியே நம்பிப் பணம் கொடுத்தவர். வேண்டுமென்று ஒரு பைசா ஏமாற்றியதில்லை என்று சத்தியம் செய்வேன். தப்பே நேர்ந்ததில்லை என்று எப்படிச் சத்தியம் செய்வது? அன்று முதல் பற்று நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் கூட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறோம்.

இதே கடையில்தான் என் இரண்டாவது மகனும் வளர்ந்தான். 1996-ல் அவன் மூன்றாம் வகுப்பு. (அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) மனக்கணக்கில் கெட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையில் நிற்பான், மாலையிலும் வந்துவிடுவான். வாடிக்கையாளர்கள் மெச்சும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். வகுப்பாசிரியை இரண்டு முறை சொல்லி அனுப்பினார். "இந்த வாரம் சரக்கு இறங்குது, அடுத்த வாரம் வர்றேன்" என்று நானும் இரண்டு முறை பதில் அனுப்பினேன். பாடத்தை அவன் கடகடவென்று ஒப்பிப்பான். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பிறகு பொள்ளாச்சியில் விடுதியில் சேர்த்து ஆறாம் வகுப்புப் படிக்கும்போதுதான் தெரிந்தது, அவன் வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தான் என்று. புதிதாக ஒரு பக்கத்தைக் கொடுத்தால் திணறினான். பத்தாம் வகுப்பை இரண்டாம் முறைதான் தாண்டினான். இன்று என்னோடு வியாபாரம் பார்க்கிறான், குறையில்லை. ஆனால் எந்தப் பத்திரம், ஒப்பந்தம் வந்தாலும் முதலில் மருமகளிடம்தான் கொடுக்கிறான்.

ஆகவே பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். அது ஏமாற்றிவிடும். பிள்ளை இதுவரை பார்க்காத எதையாவது கொடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம், செய்தித்தாளின் தலைப்பு, பஸ் பலகை, எதுவானாலும் சரி. படித்த பிறகு, என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். ஒப்பிக்கும் பிள்ளை அங்கே நின்றுவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் மட்டும் தப்பு வருகிறது என்றால் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். இந்த வயதில்தான் பலருக்குக் கிட்டப்பார்வை தெரியவரும். வால்பாறைப் பனிமூட்டத்தில் பெரியவர்களுக்கே எதிரே வருவது தெரியாது என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

எட்டு வயதில் பிள்ளையின் குணமும் மாறும். தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்துவிடும். தனக்கு வரவில்லை என்பதை மறைக்கவும் தெரிந்துவிடும். வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுத்தால் எல்லாமே சோம்பேறித்தனம் அல்ல. அடித்துக் கேட்டால் உண்மை வராது.

வீட்டுப்பாடம் பற்றி: ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் உத்தரவிட்டது. எனவே வீட்டுப்பாடம் என்ற பழக்கம் முறைப்படி தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். 2020-ல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையின்படி, மூன்று முதல் ஐந்து வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பையின் எடை 1.7 கிலோவிலிருந்து 2.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். என் பேத்தியின் பையைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு கிலோ முந்நூறு கிராம்! அவள் படிப்பது ஆங்கிலவழித் தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். நீங்களும் ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள்.

நமது ஊரில் இதோடு வேறு சில சங்கடங்களும் உண்டு. மழை வலுத்தால் வால்பாறை தாலுக்காவுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார். முதல் பருவத்தில் சில வருடம் எத்தனையோ நாள் இப்படிப் போய்விடுகிறது. கீழே பொள்ளாச்சிப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது நம் பிள்ளை கம்பளிக்குள் இருக்கிறது. அந்த நாட்களில் அரை மணி நேரமாவது வாசிக்கவைத்தால் உண்டு. அடுத்தது காட்டு விலங்கு பயம். 2025-ல் தோட்டக் குடியிருப்புகளில் வனவிலங்கு தாக்கிச் சிறு குழந்தைகள் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அந்தி சாய்ந்தபின் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் நாமே சொல்லலாம். ஒரு பாக்கெட் உப்பு விற்காமல் போனால் போகட்டும்.

இன்னொன்று. அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் தமிழ்தான் படிக்கிறார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்தப் பிள்ளை கடைக்கு வந்தால் சைகையிலும் இந்தியிலும் முடித்து அனுப்பாமல், துவரம்பருப்பு, மஞ்சள்தூள் என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் காட்டிப் படிக்கவையுங்கள். எங்கள் மேசையில் ஜார்க்கண்ட் பையன் ஒருவன் இப்படியே முக்கால்வாசி டப்பாவைப் படித்துவிட்டான். 'ழ' மட்டும் வரவில்லை. நம்மில் எத்தனை பேருக்கு வருகிறது?

தெரியாமல் விட்டுவிடும் உதவி ஒன்றும் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் குழந்தைகளுக்கான அரசு ஊக்கத்தொகை மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. தொகையும் நிபந்தனையும் தலைமையாசிரியரிடம் கேட்டால் சொல்வார். ஆதார், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்துவைக்கும்படி உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் அலைந்து ஒருநாள் கூலியை இழக்கிறார்கள்.

கடையில் பிள்ளையை நிறுத்துவது பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது. மீறினால் 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. சொந்தப் பிள்ளை பள்ளி நேரம் போக, படிப்பு கெடாமல் குடும்பக் கடையில் ஒத்தாசை செய்யலாம் என்று மட்டும் விலக்கு இருக்கிறது. படிப்பு கெடாமல் என்ற சொல்லைத்தான் 1996-ல் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் உறுப்பினர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அங்கே வகுப்பாசிரியரிடம் "நல்லாப் படிக்கிறானுங்களா?" என்று கேட்டால், "படிக்கிறான்" என்று பதில் வரும். "புதுப் பக்கத்தைக் கொடுத்தா தானா வாசிக்கிறானுங்களா?" என்று கேளுங்கள்.

முதலில் சொன்ன நண்பர் அப்படிக் கேட்டிருக்கிறார். பையன் இன்னும் இரண்டாம் வகுப்பு நிலையில்தான் வாசிக்கிறான் என்று ஆசிரியை சொன்னாராம். இப்போது கடையை ஒன்பதரைக்குப் பதில் எட்டரைக்கே சாத்துகிறார். மறுநாள் என்னிடம் எடுக்க வேண்டிய சரக்குப் பட்டியலை அவர் எழுத, பையன் உரக்கப் படிக்கிறான். சென்ற வாரம் பட்டியலில் சீரகம் இரண்டு கிலோ என்று இருந்ததைச் சோளம் என்று படித்தானாம். "எழுத்தைப் பார்க்காம குத்துமதிப்பாச் சொல்றானுங்க" என்றார். திருப்பிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் பருவத் தேர்வு செப்டம்பரில் வருகிறது.