காப்பீடு இல்லாதவருக்குச் சிகிச்சை மறுத்தால்: சட்டம் காட்டும் வழிகள்

காப்பீட்டு அட்டையோ கையில் ரொக்கமோ இல்லாத ஒருவர் உயிருக்குப் போராடும் நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, முன்பணம் கட்டவில்லை என்று சிகிச்சையை மறுப்பவர் மீது வழக்குத் தொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியும் என்றே இந்தியச் சட்டம் விடை சொல்கிறது. அந்த விடை ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. திருப்பி அனுப்பப்பட்டு இறந்தவர்களின் பெற்றோரும், பிழைத்துக் கடன்பட்டவர்களின் அமைப்புகளும் நீதிமன்றப் படியேறியதால், அது தீர்ப்புக்குமேல் தீர்ப்பாகச் சேர்ந்து உருவானது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பெரிய ஏரியை ஒட்டி அமைந்த தென்னேரி போன்ற ஊர்களில் இக்கேள்வி அன்றாட வாழ்வோடு பிணைந்தது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் குறிப்பிட்ட ஊதிய வரம்புக்குள் வேலை செய்பவருக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீடு உண்டு. வீட்டிலேயே தறி போட்டு, பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்து, சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் நெசவாளிக்கு அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது என்றாலும், அட்டை எடுக்காமல் விட்டவரும், வருமான வரம்பைச் சற்றே தாண்டியவரும், திட்டத்தில் சேராத மருத்துவமனைக்கு அவசரத்தில் தூக்கிச் செல்லப்பட்டவரும் அதன் பயனைப் பெற முடிவதில்லை.

பழைய சட்ட மரபு மருத்துவரின் பக்கமே நின்றது. அழைப்பு வந்தும், கட்டணம் தர ஆள் இருந்தும், நோயாளியைப் பார்க்கச் செல்லாத மருத்துவர் மீது அந்த மரணத்துக்கான பொறுப்பைச் சுமத்த முடியாது என்று அமெரிக்காவின் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம் 1901-இல் தீர்ப்பளித்தது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு ஓர் ஒப்பந்தம் என்றும், ஒப்பந்தத்துக்கு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது என்றும் கருதிய அந்தப் பார்வையின் சாயல், இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட நடத்தை விதிகளிலும் தென்படுகிறது. யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை மருத்துவருக்குத் தரும் அவ்விதிகள், அவசர நிலையில் உதவி கேட்டால் அதற்குச் செவிசாய்க்க வேண்டும் என்ற கடமையையும் உடன் வைக்கின்றன. ஆகவே, நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சையை ஒரு தனியார் மருத்துவமனை பணமின்றிச் செய்ய மறுத்தால் அது பெரும்பாலும் வழக்காகாது. உயிரோ உறுப்போ ஆபத்தில் இருக்கும்போது மறுப்பதே வழக்குக்கு உரியதாகிறது.

இந்தக் கடமைக்கு அரசியலமைப்பின் வலிமையைத் தந்தது 1989-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. காரில் அடிபட்ட ஸ்கூட்டர் ஓட்டியை அருகிலிருந்த மருத்துவமனை ஏற்காமல், காவல்துறை தொடர்பான காயங்களைக் கவனிக்க அனுமதி பெற்ற, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியை அடிப்படையாகக் கொண்டு பரமானந்த் கட்டாரா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். வாழும் உரிமையை உறுதி செய்யும் 21-ஆம் பிரிவின் கீழ், உயிரைக் காப்பது அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் உள்ள கடமை என்றும், காவல்துறை நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்றும் நீதிமன்றம் அறிவித்தது.

1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை என்றும் வசதி இல்லை என்றும் கூறி அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியதால், அவர் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழிக்க நேர்ந்தது. அவர் சார்ந்திருந்த பஸ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டதோடு, நிதி இல்லை என்பதைக் காரணம் காட்டி அரசு தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் கூறியது.

தனியார் மருத்துவமனைகளை எதிர்த்து ஏழைகள் செல்லக்கூடிய எளிய வழி நுகர்வோர் சட்டத்தில் திறந்தது. மருத்துவர்களின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்ததை, 1995-இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, கட்டணம் பெறும் மருத்துவமனைகளை அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. கட்டணம் செலுத்துவோர் வரும் மருத்துவமனையில் இலவசமாகச் சிகிச்சை பெறுபவரையும் அது நுகர்வோராக ஏற்றது. அனைவருக்கும் முற்றிலும் இலவசமான அரசு மருத்துவமனை இதற்குள் வராது என்பதால், அங்கு நேரும் மறுப்புக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் கடமையை நிறைவேற்றக் கோரும் மனு, தாக்கல் செய்வதே வழி.

இந்த வழியில் குறிப்பிடத்தக்க தீர்ப்பை, தேசிய நுகர்வோர் ஆணையம் 2005-இல் வழங்கியது. 2001 ஜனவரியில் கொல்கத்தாவில் பேருந்து மோதிய பொறியியல் மாணவர் ஒருவரைப் பொதுமக்கள் ரூபி ஜெனரல் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அவரிடம் 65,000 ரூபாய்க்கான காப்பீட்டுச் சான்று இருந்தும், சிகிச்சையைத் தொடங்கிய மருத்துவமனை 15,000 ரூபாயை உடனே கட்டச் சொன்னது. உடனிருந்தவர்கள் கையிலிருந்த 2,000 ரூபாயையும் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஈடாகத் தர முன்வந்தும் ஏறத்தாழ 45 நிமிடங்களில் சிகிச்சை நிறுத்தப்பட, வேறு மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் மாணவர் இறந்தார். அவருடைய பெற்றோருக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்ட இத்தீர்ப்பு, காப்பீடு வைத்திருந்தவரையும் ரொக்கக் கோரிக்கை எப்படிக் கைவிடச் செய்யும் என்பதைக் காட்டியது. பணம் கொடுத்தவர் மட்டுமின்றி, கொடுப்பதாக உறுதியளித்தவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே என்பதால், கட்டணம் செலுத்தவில்லை என்ற வாதம் மருத்துவமனைக்கு எளிதில் துணை நிற்காது.

வழக்குத் தொடுப்பவர் மறுப்பையும் அதன் விளைவையும் நிறுவ வேண்டியிருப்பதால் ஆவணங்கள் முக்கியமாகின்றன. ஓ.பி. சீட்டு, வேறு மருத்துவமனைக்கு அனுப்பிய கடிதம், முன்பணம் கேட்ட குறிப்பு, ஆம்புலன்ஸ் பதிவு, உடனிருந்தோரின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதோடு, சிகிச்சைப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற 2002-ஆம் ஆண்டு விதியையும் குடும்பத்தினர் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, நிகழ்வு நடந்த 2 ஆண்டுகளுக்குள், மனு கொடுக்கலாம். மருத்துவரின் தொழில்முறைத் தவறு குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் அளிக்கலாம். குற்ற வழக்குக்கோ, கடும் கவனக்குறைவு இருந்ததாக நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் வரையறுத்ததால், அந்தப் பாதை குறுகலானது.

இழப்பீடு இறந்தவரை மீட்டுத் தராது. ஆதலால் வழக்கு வேண்டாத நிலையை உருவாக்குவதே நாட்டின் பொறுப்பு. அவசரப் பிரிவுக்கு வரும் எவரையும், பணம் பற்றிக் கேட்டுக் காலம் தாழ்த்தாமல், பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று அமெரிக்கா 1986-இல் சட்டமியற்றியது. நிலைப்படுத்துதல் என்பது நோயாளியின் நிலை மேலும் மோசமடையாதபடி காக்கும் உடனடிச் சிகிச்சை. இந்தியாவில் ராஜஸ்தான் 2023-இல் இத்தகைய உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, செலவை யார் தருவார் என்று கேட்டுத் தனியார் மருத்துவர்கள் போராடினர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குரிய விடையை அரசுதான் தர வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர் காப்பீட்டு அட்டை உடையவரா, எந்த மாநிலத்தவர் என்று பாராமல், முதல் 48 மணி நேரச் செலவை, தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்கும் ஏற்பாட்டைச் செய்தது. மாரடைப்பும் பக்கவாதமும் பிரசவச் சிக்கலும் விபத்துக் காயத்தைப் போலவே நேரம் பார்த்து வருவதில்லை என்பதால், இதே ஏற்பாட்டை எல்லா அவசர நிலைகளுக்கும் விரிவாக்கி, மருத்துவமனைகளுக்கு உரிய தொகையைத் தாமதமின்றிச் செலுத்தி, முன்பணமின்றி அவசர சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொரு மருத்துவமனை வாயிலிலும் தமிழில் எழுதி வைப்பது அரசு உடனே செய்யத்தக்க பணியாகும்.