சவரக்கத்தியும் பழகும் கையும்

இல்லத்தில் புழங்கும் கருவிகளுள் சவரக்கத்தியைப் போலக் கூர்மை வாய்ந்தவை மிகச் சிலவே. அத்தகைய கூர்மையைத் தன் கையாலேயே தன் கழுத்தருகில் கொண்டு செல்வது எளிய செயலன்று. ஆதலாற்றான் நெடுங்காலமாக இவ்வேலை பெரும்பாலும் நாவிதரின் தேர்ந்த கைக்கே உரியதாக இருந்து வந்தது.

தம்மைத் தாமே மழித்துக்கொள்ளக் கற்பிப்பதற்கென்றே ஒரு நூல் பிரெஞ்சு மொழியில் 1769ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை எழுதியவர் சான் சாக் பெரே என்னும் கத்திக் கம்மியர். புதியவரின் கை பிழைத்தாலும் தோல் ஆழமாக வெட்டுண்ணாதவாறு, விளிம்பு சிறிதளவே வெளித்தோன்றும்படி அலகுக்கு மரக்காப்பு இடும் முறையையும் அவர் விளக்கினார். 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிங் காம்ப் ஜிலெட் விற்பனைக்குக் கொணர்ந்த கருவியோ, மெல்லிய தகட்டினைக் காப்பினுள் அடக்கி, தீட்டும் வேலையையும் இல்லாமற் செய்தது. காப்பில்லாப் பழைய கத்தியை இன்று விரும்பி எடுப்பவர், அக்காப்புச் செய்யும் வேலையைத் தம் கையாலேயே செய்தல் வேண்டும். கற்கவேண்டியதன் சாரம் இதுவே.

மழுங்கிய கத்தி காயப்படுத்தாது என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. கூரிய விளிம்பு மயிரை எளிதில் அறுத்துச் செல்லும். மழுங்கியதோ மயிரைப் பற்றி இழுக்கும். இழுக்கும்போது கை தன்னை அறியாமல் அழுத்துகிறது. அழுத்தமே காயத்திற்குக் காரணமாகிறது. புதிதாக வாங்கும் கத்திகள் எல்லாம் சவரத்திற்கு ஏற்ற கூர்மையுடன் வருவதில்லை. எனவே, முதன்முறை சாணைக்கல்லில் தீட்டும் பொறுப்பைத் தேர்ந்த ஒருவரிடம் விடுவதே நன்று.

நாள்தோறும் செய்யவேண்டியது தோல்வாரில் தீட்டுதலாகும். வாரைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, கத்தியின் முதுகையும் வாயையும் ஒருங்கே அதன்மேற் கிடத்தி, முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர இழுத்தல் வேண்டும். திருப்பும்போது முதுகின்மீதே உருட்டித் திருப்புதல் வேண்டும். வாயின்மீது திருப்பினால் வாரும் வெட்டுண்ணும், கூரும் கெடும். தொடக்கத்தில் விரைவு வேண்டியதில்லை. வார் தொய்ந்தால் விளிம்பு உருண்டு மழுங்கும். பெருவிரலை விளிம்பின் வழியே ஓட்டிக் கூர் பார்க்கும் வழக்கத்தைப் புதியவர் அறவே தவிர்த்தல் வேண்டும்.

அடுத்தது முகத்தை ஆயத்தம் செய்தல். உலர்ந்த தாடிமயிர் கடினமானது. நீரை உறிஞ்சியதும் அது மென்மையடைகிறது. இளஞ்சூடான நீரால் முகத்தை இரண்டு மூன்று நிமிடங்கள் நனைத்து, சவர்க்கார நுரையைத் தூரிகையாற் குழைத்துப் பூசுதல் வேண்டும். நுரை உலர்ந்துவிட்டால் மீண்டும் பூசுக. மயிர் எத்திசையில் வளர்கின்றது என்பதை முன்னரே விரலால் தடவி அறிந்துகொள்ளல் நலம். கன்னத்தில் அது பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

கத்தியின் கழுத்துப் பகுதியின்மேல் மூன்று விரல்களும், அதன் கீழே பெருவிரலும், வால்போல் வளைந்த நுனியிற் சின்னவிரலுமாகப் பற்றுவது வழக்கம். தோலுக்கும் அலகுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகைக் கோணம் இருத்தல் வேண்டும். கோணம் மிகுந்தால் விளிம்பு தோலிற் பதியும். குறைந்தால் மயிரை இழுக்கும். மறுகையால் தோலை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, வளர்ந்த திசையிலேயே சிறுசிறு வீச்சாக மழித்தல் வேண்டும். கத்தியின் எடையே போதிய அழுத்தமாகும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: விளிம்பு தன் நீளவாக்கில் ஒருபோதும் வழுக்கக்கூடாது. காய்கறியை அரியும் கத்தி இழுக்கும்போது எளிதில் வெட்டுவதுபோல, சவரக்கத்தியும் பக்கவாட்டில் அசைந்தால் தோலை நொடியில் வெட்டிவிடும்.

முதல் நாளிலேயே முகம் முழுவதையும் மழிக்க முயல்வது தவறு. கன்னங்கள் அகன்றவை, சமதளமானவை. ஆகையால் முதல் வாரத்தில் அவற்றை மட்டும் மழித்து, எஞ்சிய பகுதிகளைக் காப்புள்ள கருவியால் முடிக்கலாம். கை நிலைத்தபின் தாடையோரம், அதன்பின் கழுத்து, இறுதியில் மேலுதடும் மோவாயும் எனப் படிப்படியாகச் செல்லுதல் தகும். மோவாயின் வளைவே மிகக் கடினமான இடம். ஊதிய பலூனில் நுரை பூசி மழித்துப் பழகுவது அழுத்தத்தை அடக்கக் கற்றுத்தரும். பரபரப்பான காலையிலும், உறக்கக் கலக்கத்திலும், கை நடுங்கும்போதும் கத்தியை எடுக்காதிருப்பதே அறிவுடைமை. கத்தி கைதவறி விழுமாயின் பிடிக்க முயலலாகாது. விழவிட்டுக் காலை விலக்கிக்கொள்ளல் வேண்டும்.

சிறு கீறலுக்குத் தூய நீரால் கழுவிப் படிகாரக் கட்டியைத் தடவினால் குருதி நிற்கும். அழுத்திப் பிடித்தும் நில்லாத குருதிக்கும், ஆழ்ந்த வெட்டுக்கும் மருத்துவரை நாடுக. குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் இக்கத்தியைத் தவிர்ப்பது நன்று. ஒருவர் கத்தியை மற்றொருவர் பயன்படுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத குருதித் துளியாலும் ஈரலழற்சி நோய்க் கிருமிகள் பரவக்கூடும். நாவிதரிடம் செல்வோரும் ஒவ்வொருவருக்கும் புதிய தகடு மாற்றப்படுகின்றதா என்று கவனித்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, துவாயால் முதுகிலிருந்து வாய்நோக்கித் துடைத்து, நன்கு உலர்ந்தபின் மடித்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் எஃகு விரைந்து துருவேறும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அதனைக் காக்கும். இங்ஙனம் பேணப்படும் நல்ல கத்தி தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லுமளவு உழைக்கும். கத்தியோடு அதனைக் கையாளும் பொறுமையும் சேர்ந்து சென்றாற்றான் அது பயன்தரும்.