லாயத்துல வேலை... பதிலுக்கு குதிரை சவாரி பயிற்சி! பசங்க ஏமாறாம இருக்க என்ன செய்யணும்?

ஊட்டி:

குதிரை ஓட்டக் கத்துக்க ஆசை. பயிற்சிக் கட்டணத்தைக் கேட்டா தலை சுத்துது. வீட்டில் வாய் திறந்து கேட்க முடியாது. இப்படிப்பட்ட வாலிபர்கள், மாணவ-மாணவிகளுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. லாயத்தில் போய் கூடமாட வேலை செய்து கொடுப்பது, பதிலுக்கு வாரத்தில் சில தடவை சவாரி கத்துக்கொள்வது.

காசு கைமாறாத இந்தப் பண்டமாற்று மலை ஊர்களில் சுற்றுலாக் குதிரை வைத்திருப்பவர்களிடமும், நகரங்களை ஒட்டிய சவாரி பயிற்சி இடங்களிலும் அங்கங்கே சத்தமில்லாமல் நடக்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். நல்ல லாயக்காரர் கையில் சிக்கினால் பையனுக்கு யோகம். இல்லாவிட்டால் மாசக்கணக்கில் லத்தி அள்ளியதுதான் மிச்சம்.

இங்கிலாந்தில் இது பல தலைமுறைப் பழக்கம். சனி, ஞாயிறு காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாயத்துக்குப் போய் கூட்டிப் பெருக்கி, குதிரையைத் தேய்த்துவிட்டு, அதற்குப் பதிலாக சவாரி செய்துவிட்டு வருவார்கள். அங்கே 1929-ல் தொடங்கிய போனி கிளப், சவாரியோடு குதிரைப் பராமரிப்பையும் சேர்த்தே சொல்லித் தருகிறது.

நம்ம ஊரிலும் இப்போது பிள்ளைகள் கண்ணில் குதிரை பட ஆரம்பித்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-ல் நடந்தது) பெங்களூரு வீரர் பவாத் மிர்சா 20 வருஷத்துக்குப் பிறகு இந்தியா சார்பில் குதிரையேற்றத்தில் இறங்கினார். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் குழு தங்கம் அடித்தது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது 1982-க்குப் பிறகு அப்போதுதான். டி.வி.யில் பார்த்துவிட்டு ஆசைப்படுகிற பிள்ளைகள் எல்லோர் வீட்டிலும் குதிரை வாங்க வசதி இருக்கிறதா என்ன?

விடிகாலை வேலை

லாயத்து நாள் கோழி கூவும் முன்னே தொடங்கிவிடும். முதல் வேலை லத்தி அள்ளுவது. ராத்திரி நனைந்த வைக்கோலையோ மரத்தூளையோ ஒதுக்கி எடுத்துவிட்டு, காய்ந்ததைப் பரப்ப வேண்டும். இதில் சோம்பல் பட்டால் மூத்திர நெடி ஏறி குதிரைக்கு மூச்சுக் கோளாறு வரும். ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும்.

அடுத்து தண்ணீர். ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் உழைத்தால் இன்னும் கூடும். குழாய் இல்லாத லாயம் என்றால் வாளி தூக்கியே தோள் கழன்றுவிடும்.

பிறகு தீவனம். இங்கேதான் கத்துக்க நிறைய இருக்கிறது. மாடு மாதிரி குதிரை அசை போடாது. உடம்பு பெரிசு, இரைப்பை சின்னது. அதனால் நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதுதான் அதன் சுபாவம். 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு சுமார் 8 கிலோ காய்ந்த புல் கணக்கு. வேலைக்குத் தகுந்தபடி கொள்ளு, தவிடு, ஓட்ஸ் தனி. கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுப்பது நம்ம பக்கத்து வழக்கம்.

பாசத்தில் ஒரு படி கூடுதலாகப் போட்டுவிட்டால் கதை கந்தல். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பி, வலி தாங்காமல் தரையில் விழுந்து புரளும். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கும், வியர்க்கும், லத்தி போடாது. இதுதான் குதிரைகளை அதிகம் சாகடிக்கிற வயிற்றுவலி. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஆபத்து. புதிதாக வந்த பையன் இந்த அறிகுறியைத் தெரிந்து வைத்திருந்து, ராத்திரியில் ஓடிப்போய் முதலாளியை எழுப்பினால் ஒரு குதிரை பிழைக்கும். தீனி வைத்து ஒரு மணி நேரமாவது கழியாமல் சேணம் பூட்டக் கூடாது என்பதும் இதனால்தான்.

தீவனம் முடிந்ததும் தேய்ப்பு. பிரஷ் போட்டு முடியை நீவி, சேணம் உட்காரும் முதுகிலும் வார் இழுபடும் வயிற்றுப் பக்கத்திலும் மண் ஒட்டாமல் எடுக்க வேண்டும். அங்கே ஒரு சின்னக் கல் துணுக்கு இருந்தாலும் சவாரியில் புண்ணாகிவிடும். நாலு காலையும் தூக்கி குளம்பின் அடியில் அடைத்த மண்ணை, கல்லைக் கொக்கியால் கிளறி எடுக்க வேண்டும். துர்நாற்றம் அடித்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். லாடம் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவி, திரும்ப அடிக்கணும்.

ஊட்டிக் குளிரில் இன்னொரு வேலையும் சேரும். கடிவாள இரும்பு ஐஸ் மாதிரி இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் வாயில் போடணும். இதைச் செய்கிற பையன் மேல் குதிரைக்குத் தனிப் பிரியம் வந்துவிடும்.

இத்தனையும் வெறும் எடுபிடி வேலை என்று நினைத்தால் தப்பு. பாதி சவாரி கீழே நின்றே கத்துக்கொள்வதுதான். குதிரை காதைப் பின்னால் மடக்கினால் கோபம், கண் வெள்ளை தெரிந்தால் பயம், ஒரு பின்காலைத் தளர்த்தி நின்றால் ஓய்வு. காசு கட்டி ஒரு மணி நேரம் வந்து போகிறவருக்கு இது பிடிபட வருஷமாகும். லாயத்தில் கிடக்கிறவனுக்கு சில வாரம் போதும்.

பாடம் எங்கே?

வில்லங்கம் இங்கேதான். கொள்ளுன்னா வாயைத் திற, கடிவாளம்னா வாயை மூடு என்று குதிரையைச் சொல்வார்கள். சில லாயக்காரர்களும் அப்படித்தான். வேலை என்றால் தினமும் கூப்பிடுவார்கள். பாடம் என்றதும் இன்னிக்கு குதிரைக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு பார்க்கலாம் என்று டிமிக்கி கொடுப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தினமும் 2 மணி நேரம் வீதம் வாரத்தில் 6 நாள் வேலை செய்தால் 12 மணி நேரம். அதற்கு அரை மணிப் பாடம் ரெண்டு கொடுத்தால் மொத்தம் ஒரே மணி நேரம். அதே லாயத்தில் காசு கட்டி வருகிறவரிடம் ஒரு பாடத்துக்கு என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு, அந்தத் தொகையை ரெண்டால் பெருக்கி 12-ஆல் வகுத்தால், பையனின் ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன விலை வைத்திருக்கிறார்கள் என்பது வந்துவிடும். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவரின் கூலியை விட அது குறைவாக இருந்தால் பேச வேண்டியதுதான். கூச்சப்பட எதுவும் இல்லை.

சேரும் முன்பே எந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம், யார் சொல்லித் தருவார் என்பதை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பெற்றோர் ஒருவர் கூடப் போனால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும்.

சொல்லித் தரும் முறையையும் கவனிக்கணும். முதல் நாளே ஏற்றிவிட்டு பின்னால் ஒரு தட்டு தட்டி ஓடவிடுவது பயிற்சி அல்ல. முதலில் குதிரையை இடது பக்கம் நின்று நடத்திப் பழக வேண்டும். பிறகு நீளக் கயிறு கட்டி, நடுவில் ஆசிரியர் நிற்க, வட்டமாகச் சுற்றிவருவார்கள். ஏறியவர் லகானைத் தொடாமல் உடம்பைச் சமாளிக்கக் கத்துக்க வேண்டும். நிறுத்தத் தெரிந்த பிறகுதான் ஓட்டம். நடை, துள்ளுநடை, ஓட்டம், நாலுகால் பாய்ச்சல் என்று படிப்படியாகத்தான் போகணும்.

ஊட்டியில் சீசனும் ஒரு முக்கிய விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகள் குவியும்போது குதிரைகள் காலையில் இருந்து இருட்டும் வரை ஆள் சுமக்கும். அப்போது பாடம் கேட்டால் கிடைக்காது. கேட்பதும் அந்த ஜீவனுக்குப் பாவம். பையனுக்கும் லகானைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடக்கிற வேலைதான் கிடைக்கும். தென்மேற்கு பருவமழை பிடித்து கூட்டம் வடிந்த பிறகுதான் லாயம் ஓயும். கத்துக்க நினைக்கிறவர்களுக்கு அந்த மழை மாதங்கள்தான் தோது. சேறு இருக்கும், கம்பளி நனையும், ஆனால் குதிரையும் ஆசிரியரும் சும்மா இருப்பார்கள்.

ஒரு உதை போதும்

குதிரை பொல்லாதது இல்லை. பயந்த சுபாவம். பயந்தால் ஓடும், ஓட வழியில்லாவிட்டால் உதைக்கும். அதன் நேர் பின்பக்கமும் மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரமும் அதன் கண்ணுக்குத் தெரியாது. சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றால் விழுகிற உதையில் விலா எலும்பு நொறுங்கும். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக நெருங்கி, தொட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

புதுசுகள் அடிக்கடி செய்கிற தப்பு, கட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது. குதிரை மிரண்டு இழுத்தால் விரலே போய்விடும். கயிற்றை மடித்துப் பிடிக்கணும், சுற்றக் கூடாது. கேரட்டோ வெல்லமோ கொடுத்தால் விரல் நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் கொடுக்கணும்.

தலைக்கவசம் இல்லாமல் ஏறவே கூடாது. பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. குதிரையில் இருந்து விழுகிற விழுக்காட்டுக்கென்றே செய்த, தாடை வார் உள்ள தலைக்கவசம் தனி. அதை லாயம் கொடுக்காவிட்டால் அந்த இடமே வேண்டாம். செருப்பும் கூடாது, அடி தட்டையான ஷூவும் கூடாது. பாதம் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால், விழுந்தவரை குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். சின்னக் குதிகால் உள்ள ஷூதான் பாதுகாப்பு.

ரேஸில் இருந்து ஓய்வு பெற்ற குதிரைகள் சவாரி லாயங்களுக்கு வருவது உண்டு. பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் வேகமாக ஓடவே பழக்கப்பட்டவை. புதுசாகக் கத்துக்கிறவருக்கு அதைக் கொடுப்பது, நேத்து லைசென்ஸ் எடுத்தவரிடம் ரேஸ் பைக்கைக் கொடுக்கிற மாதிரி. வயசான, நிதானமான மட்டக் குதிரைதான் நல்ல வாத்தியார்.

நோய் விஷயமும் உண்டு. டெட்டனஸ் கிருமி குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் இருக்கும். ஆணி கீறினாலும் போதும். சேரும் முன் டி.டி. ஊசி போட்டுக்கொள்வது அவசியம். மூக்கில் சளி ஒழுகி, தோலில் கட்டி கட்டியாகப் புண் உள்ள குதிரை இருந்தால் ஒதுங்கிவிடணும். கிளாண்டர்ஸ் என்கிற கொடிய நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் என்றாலே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

18 வயது முடிந்தவர்கள் வங்கிக் கணக்கு மூலம் வருஷம் 20 ரூபாய் கட்டி பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். லாயக்காரர் தனியாக இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்பதும் தப்பில்லை.

14 வயதுக்குக் கீழே கூடவே கூடாது

சம்பளம் வாங்கலையே, ஆசைக்குத்தானே செய்யறான் என்று சில பெற்றோர் சொல்வார்கள். சட்டம் அதை ஏற்காது. 1986-ம் வருட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது, வேலை செய்ய அனுமதிக்கவும் கூடாது. சம்பளம் கொடுத்தாரா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. மீறினால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. சின்னப் பிள்ளைக்கு ஆசை இருந்தால் கட்டணம் கட்டி மாணவனாகச் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

14 வயதைத் தாண்டிய பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு லாயத்தில் கிடந்தால் அது பயிற்சி இல்லை. பெண் பிள்ளைகள் சேர்வதாக இருந்தால் அங்கே பெண் ஊழியர் இருக்கிறாரா, கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கணும்.

காசும் இல்லை, லாயக்காரரை நம்பவும் தயக்கம் என்பவர்களுக்கு இன்னொரு வழி என்.சி.சி. அதில் குதிரைப் பயிற்சிக்கென்றே ஆர் அண்ட் வி என்ற பிரிவு இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி இயங்கும் இந்தப் பிரிவில் மாணவர்களுக்கு சவாரி சொல்லித் தருகிறார்கள்.

கத்துக்கிட்டு என்ன பண்றது என்று கேட்பவர்களும் உண்டு. குதிரை ரேஸை நம்பி ஊட்டி பக்கம் வருகிறவர்களுக்கு நிலைமை மாறிவிட்டது. 2024-ல் குத்தகை பாக்கி விவகாரத்தில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அதே வருஷம் சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கும் சீல் வைக்கப்பட்டது. ஆனால் குதிரை பராமரிக்கத் தெரிந்தவருக்கும், ஒழுங்காக லாடம் அடிக்கத் தெரிந்தவருக்கும் சவாரி பயிற்சி இடங்களில் வேலை இருக்கிறது. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் ஒரு நாள் சுற்றி வந்தாலே, குதிரையை நம்பிப் பிழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியும்.

சேர்வதற்கு முன் ஒரு வாரம் சும்மா போய் பார்த்துவிட்டு வரலாம். விலா எலும்பு துருத்திய குதிரை, சேணப் புண்ணோடு சவாரிக்குப் போகிற குதிரை, ராத்திரியில் தீனி தேடி ரோட்டில் குப்பை கிளற அவிழ்த்துவிடப்படும் குதிரை கண்ணில் பட்டால் வேறு லாயம் பார்ப்பது உத்தமம். குதிரைக்கே தீனி போடாதவர் பையனுக்குப் பாடம் சொல்லித் தரப் போவதில்லை.

அவசரத்துக்கு: விழுந்து அடிபட்டால் 108, குதிரைக்கு உடம்பு முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் 1962, சின்னப் பிள்ளைகளை லாயத்தில் வேலை வாங்குவது தெரிந்தால் 1098.