கிளியும் கிலியும்

வளர்ப்புப் பறவையிடமிருந்து நோய் தொற்றும் என்று கேள்விப்பட்டால் உங்களுக்கு என்ன செய்யத் தோன்றும்? கூண்டைத் திறந்து பறவையை விரட்டிவிடத் தோன்றும் அல்லவா? 1930-ல் அமெரிக்காவில் பலர் அதைத்தான் செய்தார்கள். அதனால் ஆபத்து குறையுமா என்று பார்ப்போம்.

1929-ஆம் ஆண்டு இறுதியில் மேரிலாந்து மாநிலத்தின் அன்னபோலிஸ் நகரில் ஒருவர் தம் மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிளி ஒன்றை வாங்கினார். கிளி இறந்தது. சில நாட்களில் வீட்டாரில் மூவர் கடும் காய்ச்சலில் படுத்தனர். செய்தித்தாள்கள் ‘கிளிக் காய்ச்சல்’ என்று எழுத, நாடெங்கும் பீதி பரவியது. வளர்த்த கிளிகளை மக்கள் தெருவில் விட்டார்கள். மாலுமிகள் தம் கிளிகளைக் கடலில் எறிய வேண்டுமென்று கடற்படைத் தளபதி ஒருவர் ஆணையிட்டார். 1930 ஜனவரி 24 அன்று குடியரசுத் தலைவர் ஹூவர் கிளி இறக்குமதியைத் தடை செய்தார். அந்நாட்டில் 169 பேர் நோயுற்று, 33 பேர் இறந்தனர். அச்சம் காரணமற்றது அன்று.

இந்நோயின் பெயர் சிட்டகோசிஸ். இதை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. அது பறவையின் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் வெளிப்படுகிறது. எச்சம் காய்ந்து பொடியாகும்போது கிருமி தூசியோடு கலந்து நம் மூச்சில் புகுகிறது. வாஷிங்டனில் இதை ஆராய்ந்த அரசு ஆய்வுக்கூடத்தில், பறவைகளைத் தொடாத ஊழியர்களும் நோயுற்றார்கள்.

இங்கே பௌதிகம் குறுக்கிடுகிறது. அசைவற்ற காற்றில் மிகச் சிறிய துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸ் விதியிலிருந்து பெறப்படுவது. 10 மைக்ரான் விட்டமுள்ள துகள் ஒரு மீட்டர் இறங்க ஐந்தாறு நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குச் சுமார் எட்டு மணி நேரம்! உலர்ந்த கூண்டைத் துடைப்பத்தால் பெருக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இனி, விரட்டிய பறவையைக் கவனியுங்கள். நோய்க்கிருமி உள்ள பறவை பல நேரங்களில் நலமாகவே காணப்படும். பசி, குளிர், நெரிசல் போன்ற இன்னல்கள் நேரும்போது அது அதிகமாகக் கிருமிகளை வெளியிடுகிறது. தெருவில் விடப்பட்ட கூண்டுப் பறவைக்கு இன்னல்களுக்குக் குறைவேது? பறவை வெளியேறினாலும் கூண்டின் தூசி வீட்டிலேயே தங்கும். பறவையைச் சோதித்து நோயை உறுதி செய்யும் வாய்ப்பும் போய்விடும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? நோயுற்ற பறவையைத் தனியே வைத்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, எச்சத்தைக் கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்த பிறகே அகற்றவேண்டும். நமக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால், வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும். நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் சிறு பறவைகளும் கிளியினமே என்பதை மறக்கவேண்டாம்.

1930-ல் இதற்குத் தக்க மருந்து இல்லை. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்து 1948-ல்தான் அறிவிக்கப்பட்டது. இன்று அவ்வகையைச் சேர்ந்த டாக்சிசைக்ளின் மனிதரையும் பறவையையும் குணப்படுத்துகிறது. தக்க சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இறக்கின்றனர். ஆனால் அந்த மருந்து பறவைக்குக் கிடைக்க வேண்டுமானால், பறவை முதலில் கூண்டில் இருக்கவேண்டும்.